வரைபடத்தில் ஒரு பூங்கா: தில்லியில் மனைப்பிரிவு ஒப்புதலின் வரலாறு

1957ஆம் ஆண்டுத் தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 313ஆம் பிரிவு, நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க விரும்பும் உடைமையாளர் ஆணையருக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தைப் பற்றியது. விண்ணப்பத்துடன் ஒரு வரைபடம் இணைக்கப்பட வேண்டும். நிலம் எவ்வாறு மனைகளாகப் பிரிக்கப்படுகிறது. தெரு, திறந்தவெளி, பூங்கா, விளையாட்டிடம், பள்ளி, சந்தை ஆகியவற்றுக்கு எந்த இடம் ஒதுக்கப்படுகிறது. தெருவின் மட்டமும் திசையும் அகலமும் யாவை. தெருவைச் சமன்படுத்தவும், கல் பாவவும், கழிவுநீரும் மழைநீரும் வடியவும், விளக்கேற்றவும் என்ன ஏற்பாடு என்பனவெல்லாம் அதில் காட்டப்பட வேண்டும். விண்ணப்பம் வந்த 60 நாள்களுக்குள் மாநகராட்சியின் நிலைக்குழு நிபந்தனைகளோடு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், மேலும் விவரம் கேட்கலாம். மறுத்தே தீர வேண்டிய சூழல்களையும் சட்டம் சொல்கிறது. அவற்றுள் ஒன்று: வரைபடத்தில் காட்டிய தெரு, ஒரு முனையிலேனும் ஏற்கெனவே திறந்திருக்கும் தெரு ஒன்றோடு இணையாவிட்டால் ஒப்புதல் கிடையாது.

இந்தியச் சட்டங்களில் இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு நகரத்தின் கருத்துருவம் முழுவதையும் அடக்கிய பிரிவுகள் அரிது. நிலத்தைப் பிரிப்பவருக்கு அது சொத்து. வாங்குபவருக்கு அது வீடு. இவ்விருவருக்கும் இடையே சட்டம் மூன்றாவதாக ஒன்றை நிறுத்துகிறது: ஏற்கெனவே திறந்திருக்கும் தெரு. அத்தெரு நகரத்தினுடையது. புதிய குடியிருப்பு அதனோடு இணையும்போது, நகரத்தின் தண்ணீரிலும் சாக்கடையிலும் பள்ளியிலும் பங்கு கேட்கிறது. ஆகவே, மனைப்பிரிவு ஒப்புதல் என்பது வெறும் முத்திரை இடுதல் அன்று. இன்னும் வந்து சேராத மக்களின் சார்பில் நகரம் முன்கூட்டியே பேசி முடிக்கும் ஒப்பந்தம் அது. அவ்வொப்பந்தம் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எவ்வாறு தோன்றியது, எங்கே முறிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. ஒரு சொல்லின் பயணம்

வட இந்தியாவில் மனைப்பிரிவுக்கு வழங்கும் சொல் ‘காலனி’. அதை உருவாக்குபவர் அரியானா மாநிலச் சட்டத்தின் மொழியில் ‘காலனைசர்’. 1975ஆம் ஆண்டு அரியானா நகர்ப்புறப் பகுதிகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், நிலத்தைக் காலனியாக மாற்றுவதற்கென உடைமையாகக் கொண்டு, அச்சட்டத்தின்கீழ் உரிமமும் பெற்ற தனியாளையோ நிறுவனத்தையோ இச்சொல்லால் வரையறுக்கிறது. குடியேற்ற ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து இயற்றப்பட்ட ஒரு சட்டம், ‘குடியேற்றவாதி’ என்றும் பொருள்படும் சொல்லை எவ்வித நெருடலும் இன்றிக் கையாண்டிருப்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம்.

ஆனால் அச்சொல்லுக்குப் பஞ்சாபில் ஒரு தனி வரலாறு உண்டு. இலத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் உழவர். உழுது பயிரிடுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்லஜ், செனாப், ஜீலம் ஆறுகளிலிருந்து கால்வாய் வெட்டி, மேய்ச்சல் நிலமாகக் கிடந்த பரப்பில் உழவர்களைக் குடியமர்த்தியது பிரித்தானிய அரசு. அவை ‘கால்வாய்க் காலனிகள்’ எனப்பட்டன. அவற்றை நிருவகிக்கக் காலனி அலுவலர்களும், 1912இல் தனிச் சட்டமும் ஏற்பட்டனர். ஆகவே பஞ்சாபின் நிருவாக மொழியில் காலனி என்பது சதுரம் சதுரமாக அளந்து, முன்பின் அறிமுகமற்றோரைக் கொண்டுவந்து அமர்த்தும் திட்டமிட்ட குடியிருப்பு என்ற பொருளை முன்னரே ஏற்றிருந்தது. அதே பஞ்சாபிலிருந்து 1966இல் பிரிந்த அரியானாவின் சட்டத்தில் அச்சொல் இயல்பாகவே அமர்ந்துகொண்டது. பொருள் மட்டும் தலைகீழானது. கால்வாய்க் காலனி தரிசை வயலாக்கியது; புதிய காலனி வயலை மனையாக்கியது. உழவரைக் குறித்த வேர்ச்சொல், உழவரிடமிருந்து நிலம் வாங்குபவருக்குப் பெயராயிற்று.

சொற்களின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கும் இச்சொல் சான்று. தெற்குத் தில்லியில் பெயரோடு ‘காலனி’ ஒட்டியிருப்பது வசதியின் அடையாளம். தமிழ்நாட்டிலோ அதே சொல் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைச் சுட்டும் வசையாகத் திரிந்தது; அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அத்திரிபு ஆழமானது. யாரை எங்கே அமர்த்துவது என்ற முடிவை மறைத்து வைத்திருக்கும் சொல் அது. முடிவு எப்படியோ, சொல்லும் அப்படி.

2. கேட்பதற்கு ஆளில்லாத காலம்

தில்லியில் நகர விரிவாக்கத்தைத் திட்டமிட முதலில் அமைந்த நிறுவனம் 1937ஆம் ஆண்டின் தில்லி மேம்பாட்டு அறக்கட்டளை. அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியக் குடிமைப்பணி (ஐ.சி.எஸ்.) அலுவலர் ஏ. பி. ஹ்யூம் பழைய நகரின் நெரிசலைப் பற்றி அளித்த அறிக்கையே அதன் பிறப்புக்குக் காரணம். ஷாஜகானாபாத்தின் மதிலுக்குள் மக்கள் செறிவு அளவு கடந்திருந்தது; மதிலுக்கு வெளியே ‘நசூல்’ எனப்படும் அரசு நிலம் பரந்து கிடந்தது. அந்நிலத்தை மேம்படுத்தி, வசதியுள்ளோருக்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு நெரிசலைக் குறைப்பதே திட்டம். விற்பனை நடந்த வேகத்தில் நெரிசல் குறையவில்லை. 1950–51இல் கன்ஷ்யாம் தாஸ் பிர்லாவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அறக்கட்டளையின் பணியைக் கடுமையாகவே மதிப்பிட்டது.

அதற்குள் நாட்டுப் பிரிவினை நகரத்தின் கணக்குகளையெல்லாம் மாற்றிவிட்டது. 1941இல் தில்லி மாநிலப் பகுதியின் மக்கள்தொகை 9.18 லட்சம், 1951இல் 17.44 லட்சம். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லை மாகாணத்திலிருந்தும் வந்து சேர்ந்தோர் ஏறக்குறைய 5 லட்சம் பேர். புனர்வாழ்வு அமைச்சகம் லஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் எனக் குடியிருப்புகளை அமைத்தது. அரசால் இயலாத இடத்தில் தனியார் நுழைந்தனர். 1946இல் சௌத்ரி ராகவேந்திர சிங் தொடங்கிய தில்லி நிலம் மற்றும் நிதி நிறுவனம், இன்று டி.எல்.எப். என்று அறியப்படுவது, கிழக்குத் தில்லியின் கிருஷ்ணா நகரில் தொடங்கி, சவுத் எக்ஸ்டென்ஷன், கிரேட்டர் கைலாஷ், கைலாஷ் காலனி, ஹவுஸ் காஸ், ராஜௌரி கார்டன், மாடல் டவுன் எனக் குடியிருப்புகளை உருவாக்கியது. இன்று தெற்குத் தில்லியின் அடையாளமாக விளங்கும் பெயர்கள் பலவும் உழவர் நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்த தனியாரின் கைவண்ணமே.

இவர்கள் ஒப்புதலுக்காக எங்கே போயினர்? இக்கேள்வியே அக்காலத்தின் சிக்கலைக் காட்டுகிறது. அன்று தில்லிக்கு ஒரே மாநகராட்சி இல்லை. தில்லி நகராட்சிக் குழு, புதுதில்லி நகராட்சிக் குழு, சிவில் லைன்ஸ், ஷாதரா, மெஹ்ரௌலி, நஜஃப்கர், நரேலா எனப் பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம். மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் வேறு அமைப்புகள். நகராட்சி எல்லைக்கு ஒரு முழம் அப்பால் நிலம் வாங்கியவர் வரைபடத்தை யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் பெரிதாக இல்லை. பொறுப்புள்ள நிறுவனம் அகலமான தெருவும் பூங்காவும் விட்டது. அது வணிக நோக்கிலும் நன்மை பயத்தது, ஏனெனில் பூங்காவை ஒட்டிய மனைக்கு விலை அதிகம். மற்றையோர் மனைகளை மட்டும் விற்றுவிட்டு அகன்றனர். சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அமைப்பும் இல்லை.

3. யமுனை சொன்ன விடை

கேள்விக்கு விடை 1955ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. தில்லிக்குக் குடிநீர் எடுக்கும் நிலையம் யமுனைக் கரையில் வசீராபாத்தில் இருந்தது. மேற்குப் பகுதியின் கழிவைச் சுமந்துவந்த நஜஃப்கர் வடிகால் அதற்குச் சற்றுக் கீழே ஆற்றில் கலந்தது. அவ்வாண்டு வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. வடிகாலின் கழிவு பின்னோக்கி ஏறி நீரெடுக்கும் வாயை எட்டியது. குளோரின் கலந்து தூய்மைப்படுத்திய நீரையே மக்கள் குடித்தனர். ஆயினும் அந்த அளவு கழிவை அது வெல்லவில்லை. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியில் ஏறத்தாழ 29,300 பேர் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. கருவுற்ற பெண்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு இன்று ஹெபடைடிஸ் ஈ எனப்படும் நோயின் வரலாற்றில், மிகுந்த விவரங்களோடு பதிவான தொடக்ககாலப் பெருங்கொள்ளைநோயாக இது இடம்பெற்றது.

நகர்ப்புறத் திட்டம் அன்று நலவாழ்வு அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். இவ்விணைப்பு தற்செயலானதாகத் தோன்றினாலும் பொருத்தமானது. மனைப்பிரிவு என்பது வரைகலைஞரின் மேசையில் முடியும் செய்தி அன்று. அது கடைசியில் குடிநீர்க் குழாயில் வெளிப்படுகிறது என்பதைத் தில்லி தன் உடலால் கற்றது.

கொள்ளைநோய்க்குச் சில வாரங்களுக்கு முன்பே, 1955 அக்டோபரில், கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, பின் சட்டமாகி, தில்லி மேம்பாட்டுத் தற்காலிக ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. நோய்க்குப் பின் வேகம் கூடியது. 1956இல் இடைக்காலப் பொதுத்திட்டம் வெளிவந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஆல்பர்ட் மேயர் தலைமையிலான வல்லுநர் குழு பெருந்திட்டப் பணியில் துணை நின்றது. 1957 டிசம்பரில் தில்லி மேம்பாட்டு ஆணையம் உருவானது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மாநகராட்சிச் சட்டம் சிதறிக்கிடந்த உள்ளாட்சி அமைப்புகளை ஒன்றாக்க, 1958 ஏப்ரலில் தில்லி மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 313ஆம் பிரிவு இச்சூழலில் பிறந்தது. ‘ஏற்கெனவே திறந்திருக்கும் தெருவோடு இணைய வேண்டும்’ என்ற வரிக்குப் பின்னால் வசீராபாத்தின் நீர் ஓடுகிறது என்று கொள்வது மிகையாகாது.

4. பூங்கா யாருடையது?

ஒப்புதல் அளிக்கும் அமைப்பு கிடைத்தவுடன் அடுத்த கேள்வி எழுந்தது. வரைபடத்தில் பச்சையாகத் தீட்டப்பட்ட இடம் யாருக்குச் சொந்தம்?

மாநகராட்சியின் நிலைப்பாடு எளிமையானது. பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய நிலத்தை உடைமையாளர் விலையின்றித் தன்பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அதை நிபந்தனையாக வைத்தே ஒப்புதல் தரப்படும் என்றது. மனைப்பிரிப்பாளரின் நிலைப்பாடும் எளிமையானதே. ஒதுக்கச் சொன்னீர்கள், ஒதுக்கினோம். கொடுக்கச் சொல்ல எந்தச் சட்டம் இருக்கிறது என்று அவர் கேட்டார். இவ்வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்று 1990களின் நடுப்பகுதியிலேயே முடிவுக்கு வந்தது.

நீதிமன்றத்தின் விடை இருபக்கமும் கூர்மை கொண்டது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் ஓர் இடத்தைப் பூங்கா என்று குறித்துவிட்டால், அதன்பின் உடைமையாளர் அந்நிலத்தின் முழு உரிமையாளர் அல்லர். பொதுமக்களின் நன்மைக்காக அதைப் பொறுப்பாண்மையில் வைத்திருப்பவராகவே நிற்கிறார். அதை விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ அவருக்குத் தடை உண்டு. அதே வேளையில், விலையின்றி உடைமையை மாற்றிக் கேட்கும் உரிமை மாநகராட்சிக்கும் இல்லை. பொதுநலத்தின் காவலர் என்ற முறையில் அவ்விடத்தைப் பராமரிக்கும் உரிமை உள்ளாட்சி அமைப்புக்கு உண்டு. பராமரிப்பது வேறு, உடைமை கொள்வது வேறு.

சட்டவியல் நோக்கில் இது நுட்பமான தீர்ப்பு. விற்க முடியாதவர் ஒருவர்; உடைமை கொள்ள முடியாதவர் இன்னொருவர்; இருவருக்கும் நடுவே, ஆவணத்தில் பெயரில்லாத குடியிருப்போர் அந்த இடத்தின் உண்மையான பயனாளர்கள். ஒரு வரைபடத்தில் தீட்டிய பச்சை நிறம், அதைத் தீட்டியவரையே கட்டுப்படுத்தும் சொல்லாக மாறுகிறது. மொழியியலில் ‘வாக்குறுதி அளிக்கிறேன்’ என்று சொல்வதே வாக்குறுதி அளித்தலாகிவிடும் என்பர். அப்படிப்பட்ட செயற்சொல்லாகவே இவ்வரைபடம் இயங்குகிறது. ஆனால் வாக்குறுதியை நிறைவேற்றச் செலவிடுபவர் யார் என்பதை அத்தீர்ப்பு தனியே தீர்த்துவைக்கவில்லை. வேலி போடவும் மரம் நடவும் எவருக்கும் அவசரமில்லாத நிலம், பூங்கா என்ற பெயருடனேயே புழுதியாகக் கிடக்க இயலும்.

5. விண்ணப்பம் தேவைப்படாத நகரம்

தனியார் மனைப்பிரிவுக்கான நடைமுறை ஒழுங்குபட்ட வேளையிலேயே, தனியார் மனைப்பிரிவுக்கே தில்லியில் இடமில்லாமல் போனது இவ்வரலாற்றின் முரண். 1959 நவம்பர் 13 அன்று வெளியான அறிவிக்கை, 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் 34,070 ஏக்கர் நிலத்தை ஒரே வீச்சில் முடக்கியது. 1961 மே மாதம் ‘பேரளவு நிலமெடுப்பு, மேம்பாடு, பகிர்வு’ என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. நகரம் விரியவிருக்கும் நிலம் முழுவதையும் அரசே வாங்கி, மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக மேம்படுத்தி, குத்தகை உரிமையில் வழங்கும். விற்ற பணம் சுழல்நிதியாகி அடுத்த நிலத்தை வாங்கும். 1962 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த முதற்பெருந்திட்டத்தின் முதுகெலும்பு இதுவே.

நோக்கம் உயர்ந்தது. நில ஊகவணிகத்தை ஒழித்து, விலையைக் கட்டுக்குள் வைத்து, எளியோருக்கும் மனை கிடைக்கச் செய்வதே அது. விளைவு வேறாயிற்று. ஆணையம் நிலத்தை எடுத்த வேகத்துக்கு ஈடாக மனைகளை வழங்க இயலவில்லை; நகருக்கு வருவோரோ காத்திருக்கவில்லை. சட்டப்படி நடக்க விரும்பிய மனைப்பிரிப்பாளர் விண்ணப்பிக்க இடமின்றி ஒதுங்க, சட்டத்தைப் பொருட்படுத்தாதவர் விண்ணப்பிக்காமலேயே தொழில் நடத்தினார். வேளாண் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து மனைகள் பிரிக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டுத் தில்லி நிலச்சீர்திருத்தச் சட்டப்படி அந்நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்பதால் முறையான கிரயம் நடக்கவில்லை. பவர் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் கைமாறின. இத்தகைய ஆவணங்கள் உடைமையைத் தரா என்று உச்ச நீதிமன்றம் 2011இல் திட்டவட்டமாகக் கூறியது. அதற்குள் தலைமுறைகள் அவ்வீடுகளில் பிறந்து வளர்ந்திருந்தன.

‘அங்கீகரிக்கப்படாத காலனி’ என்ற தொடர் தில்லியின் அரசியல் அகராதியில் நிலைபெற்றது இப்படித்தான். 1977இல் அறிவிக்கப்பட்ட கொள்கையின்கீழ் 567 காலனிகள் முறைப்படுத்தப்பட்டன. 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியபோது கணக்கில் இருந்தவை 1,700க்கும் மேல். 2000ஆம் ஆண்டையொட்டிய அரசு மதிப்பீட்டின்படி, திட்டமிட்ட குடியிருப்புகளில் வாழ்ந்தோர் தில்லி மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

முறைப்படுத்தலைக் கருணை என்று சொல்வோரும் உளர். வாக்குவேட்டை என்று சொல்வோரும் உளர். ஒப்புதலின் வரலாற்றிலிருந்து நோக்கினால் அது வேறொன்றாகவும் தெரியும். முறையான மனைப்பிரிவில் வரைபடம் முதலில், தெரு அடுத்து, வீடு கடைசி. அங்கீகரிக்கப்படாத காலனியில் வீடு முதலில், தெரு அடுத்து, வரைபடம் கடைசி. முறைப்படுத்தும் நாளில் பூங்காவுக்கு இடம் தேடினால் அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. தொடக்கத்தில் மனைப்பிரிப்பாளர் தம் ஆதாயத்திலிருந்து விட்டுக்கொடுத்திருக்க வேண்டிய நிலத்தை, இறுதியில் குடியிருப்போரின் வீட்டிலிருந்து வெட்டியெடுக்க வேண்டியதாகிறது. தெருவுக்கு அகலம் கேட்கும் அதிகாரி முன் நிற்பவர் அன்று பணம் பெற்றவர் அல்லர், பணம் கொடுத்தவர்.

6. எல்லைக்கு அப்பால்

தில்லியில் வாசல் மூடியபோது மனைவணிகம் தெற்கே அரியானா எல்லையைத் தாண்டியது. ராகவேந்திர சிங்கின் மருமகன் கே. பி. சிங் குர்கானில் உழவர் குடும்பங்களிடமிருந்து சிறிது சிறிதாக நிலம் வாங்கத் தொடங்கினார். தனியாருக்கு நகர்ப்புற மேம்பாட்டில் இடம் தர வேண்டும் என்று தாம் ராஜீவ் காந்தியிடம் எடுத்துரைத்த நிகழ்வை, வழியில் சூடேறி நின்ற அவருடைய வண்டிக்குத் தண்ணீர் தேடிய தருணத்தில் தொடங்கிய உரையாடலாக, அவர் தம் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். 1980களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனத்துக்கு முதல் உரிமம் கிடைத்தது. சாலையோரத்தில் நடந்த உரையாடல் வரலாற்றில் எவ்வளவு எடை கொண்டது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் உரிமம் கிடைப்பதற்கான சட்டம் அதற்கு முன்னரே, 1975இல், ஆயத்தமாக இருந்தது என்பதை மறக்கலாகாது.

அச்சட்டத்தின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. விண்ணப்பம் பெறும் இயக்குநர், நிலத்தின் உடைமை உரிமை, பரப்பு, அமைவிடம், விண்ணப்பதாரரின் திறன், மனைப்பிரிவின் வரைபடம், சுற்றுப்புற மேம்பாட்டோடு அதன் இயைபு ஆகியவற்றை ஆராய வேண்டும். விதிகளின்படி தெரு, திறந்தவெளி, பள்ளி, பொதுக்கட்டடங்கள் ஆகியவற்றுக்கென மொத்தப் பரப்பில் 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். மேம்பாட்டுப் பணிகளின் மதிப்பீட்டில் 25 விழுக்காட்டுக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். மனை வாங்குவோரிடம் பெறும் தொகையில் 30 விழுக்காட்டைப் பத்து நாள்களுக்குள் தனிக் கணக்கில் செலுத்தி, உள்மேம்பாட்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். குடியிருப்புக்கு வெளியே அமையும் பெருங்குழாய்களுக்கும் பெருஞ்சாலைகளுக்கும் உரிய கட்டணத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும். பணி நிறைவுச் சான்று பெற்றபின் ஐந்தாண்டுகள் தெருக்களையும் பூங்காக்களையும் பராமரித்து, பிறகு அவற்றை அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ விலையின்றி ஒப்படைக்க வேண்டும்.

தில்லியில் நீதிமன்றம் வரை சென்ற கேள்விக்கு அரியானாச் சட்டம் தன் உடலிலேயே விடை எழுதிவைத்தது என்பது கண்கூடு. ஏட்டில் இது தில்லிச் சட்டத்தைவிட முழுமையானது. குறை சட்டத்தின் வாசகங்களில் இல்லை. அவ்வாசகங்களின் மறுமுனையில் நிற்க வேண்டியவர் இல்லாமையில் இருந்தது. உரிமம் வழங்கியது சண்டிகரில் இருந்த மாநிலத் துறை. குர்கானின் பழைய ஊருக்கு ஒரு சிறு நகராட்சி இருந்தது. வயல்கள் மனைகளான பரந்த பகுதிக்கு மாநகராட்சி என்ற ஒன்று 2008 வரை இல்லை. முதல் உரிமங்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையே கால்நூற்றாண்டு. உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, ஒப்படைப்பைப் பெற்றுக்கொள்ளும் கை எங்கே?

ஐந்தாண்டுக் கணக்கிலும் ஒரு முடிச்சு இருந்தது. அது பணி நிறைவுச் சான்று கிடைத்த நாளிலிருந்தே தொடங்கும். சான்று தாமதித்தால் ஐந்தாண்டும் தாமதிக்கும். உள்மேம்பாடு காலனைசரின் பொறுப்பு, புறமேம்பாடு அரசின் பொறுப்பு என்ற பிரிவினையில் அரசின் பங்கு பின்தங்கியபோது, உள்ளே மின்னும் தெருக்களும் வெளியே முடிவுறாத சாக்கடைகளும் அருகருகே நின்றன. ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் லாரி, டீசல் மின்னாக்கி, தனிக்காவலர் என ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கென ஒரு சிறு நகராட்சியைத் தானே நடத்திக்கொண்டது. 2016 ஜூலை இறுதியில் பெய்த மழையில் பாத்ஷாபூர் வடிகால் நிரம்பி, நெடுஞ்சாலையில் வண்டிகள் இரவு முழுவதும் நகராமல் நின்றன. குர்கான் குருகிராம் எனப் பெயர் மாறிய ஆண்டும் அதுவே. அடுத்த ஆண்டு, 2017இல், பெருநகர மேம்பாட்டு ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. மஞ்சட்காமாலைக்குப் பின் தில்லி ஆணையத்தைப் பெற்றது போலவே, வெள்ளத்துக்குப் பின் குருகிராம் தன் ஆணையத்தைப் பெற்றது. நீர் வந்து கதவைத் தட்டும்வரை நிறுவனம் எழாதது இவ்வட்டாரத்தின் பழக்கம் போலும்.

7. திறந்திருக்கும் தெரு

இம்மூன்று கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. 1950களின் தொடக்கத்தில் மனைப்பிரிப்பாளர் இருந்தார், கேட்பதற்கு நகரம் இல்லை. 1961க்குப் பின் நகரம் இருந்தது, மனைப்பிரிப்பாளருக்கு இடமில்லை. எனவே நகரத்தைக் கேளாத மனைப்பிரிப்பாளர் பெருகினார். 1980களில் எல்லைக்கு அப்பால் மனைப்பிரிப்பாளரும் இருந்தார், உரிமமும் இருந்தது, விரிவான சட்டமும் இருந்தது. நகரம் மட்டும் வரவில்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்த காலம் மிகக் குறுகியது.

தனியாரின் பேராசை, அரசின் மெத்தனம் என்ற இரு சொற்களால் இவ்வரலாற்றைச் சுருக்குவது எளிது; ஆய்வுலகிலும் அப்படிச் சுருக்குவோர் உண்டு. ஆனால் கிரேட்டர் கைலாஷின் பூங்காக்களும் தனியாரால் வந்தவையே. 34,070 ஏக்கரை முடக்கிய அறிவிக்கையும் எளியோர் நலனை முன்னிட்டு எழுந்ததே. வேறுபாட்டை உண்டாக்கியது எவருடைய நல்லெண்ணமும் அன்று. வரைபடத்தில் ஒருவர் அளித்த சொல்லைப் பத்து ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருந்து, அதைக் கேட்டுப்பெறும் வலிமையும் கடமையும் கொண்ட உள்ளூர் அமைப்பு ஒன்று அருகில் இருந்ததா என்பதே வேறுபாடு. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான கணக்கைப் பெரிதும் நேராக்கியது. குடியிருப்புக்கும் நகரத்துக்கும் இடையிலான கணக்கு அதன் வரம்புக்குப் பெரும்பாலும் வெளியே நிற்கிறது.

313ஆம் பிரிவின் அந்த ஒற்றை வரி இப்போதும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது: புதிய தெரு ஒரு முனையிலேனும் திறந்திருக்கும் தெருவோடு இணைய வேண்டும். சட்டம் எழுதியவர்கள் கல்லும் தாரும் கொண்ட தெருவையே எண்ணியிருப்பர். வசீராபாத்திலிருந்து பாத்ஷாபூர் வரை நிகழ்ந்தவற்றைக் கண்டபின், அவ்வரியை இன்னும் விரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. குழாய் ஒரு நீர்நிலையோடும், சாக்கடை ஒரு சுத்திகரிப்பு நிலையத்தோடும், பூங்கா ஒரு பொறுப்பாளரோடும், குடியிருப்போர் தாம் வாக்களித்துத் தேர்ந்த ஒரு மன்றத்தோடும் இணைந்திருந்தால்தான் அந்த முனை திறந்திருக்கிறது என்று பொருள். இணையாத வரைபடத்துக்கு மறுப்பே சட்டம் சொன்ன விடை. அந்த மறுப்பைச் சொல்லாமல் விட்டதன் விலையை, வரைபடத்தில் பெயர் இல்லாதவர்களே இன்றும் செலுத்திவருகின்றனர்.